போர்டு எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை

ஏல மருமவனே, நவி மும்பை சான்பாடா ஸ்டேஷன் பக்கம் கடை புடிச்சிட்டியாம், அட்வான்ஸும் குடுத்துட்டியாம். ரொம்ப சந்தோசம். இட்லிக் கடையா பரோட்டாக் கடையான்னு உங்க அத்தைகிட்ட கேட்டேன். “சைனீஸாம், பேரு கிரீன் டிராகனாம்”னு சொல்லிட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. எங்க அப்பா திருநெவேலியில இருந்து ரயிலேறி தாராவிக்கு வந்து தோல் கிட்டங்கியில நாத்தத்தோட நாத்தமா கெடந்து உழைச்சது, பேரன் வாஷிப் பக்கத்துல சீனாக்காரன் சாமிய போர்டுல வரையத்தான்னு அவருக்குத் தெரியாமப் போச்சு.

மூஞ்சியத் தூக்காத. வேண்டாம்னு நான் சொல்லல. போர்டு எழுதுறவன் ஏணியில கால வைக்குறதுக்கு முந்தி, நீ எடுத்துக்கிட்ட ரெண்டு வார்த்தையும் எந்தெந்த வீட்டுல வாழ்க்கைப்பட்டிருக்குன்னு மட்டும் கேட்டுக்கோ. பொண்ணு எடுக்கையில விசாரிக்கோம்ல, அது மாதிரிதான்.

மொதல்ல பச்சை. நம்ம ஊர்ல இவளப் போல ஒரு ரெட்டை வேஷக்காரி கிடையாது. பச்சப்புள்ளைன்னா கள்ளங்கபடம் தெரியாதது. பச்சப்பொய்னா கள்ளத்தத் தவிர வேற எதுவும் இல்லாதது. புள்ள பெத்தவள பச்ச ஒடம்புக்காரின்னு பொத்திப் பொத்தி வைப்போம். அதே வீட்டுல சண்டை வந்துட்டா பச்ச பச்சையா வைவோம். பச்சத்தண்ணியில பச்சை இல்ல, அது சுடவைக்காத தண்ணி. பச்சரிசி வெள்ளை, பச்சக்கற்பூரமும் வெள்ளை. கையில பச்சை குத்துனா அது கருநீலமா நிக்கி. பச்சையம்மன் நமக்குச் சாமி, பச்சோந்தி நமக்கு அரசியல்வாதி. பக்கத்துல எந்த வார்த்தை வந்து ஒக்காருதோ அதுக்குத் தக்கன இவ குணம் மாறும். இதை மனசுல வச்சுக்கோ, பின்னால வேணும்.

இங்கிலீஸ்காரன் கிரீனும் லேசுப்பட்டது இல்ல. அனுபவம் இல்லாத பயலக் கிரீன்னு சொல்லுவான், பொறாமைப்படுதவனையும் கிரீன்னு சொல்லுவான். அமெரிக்காவுல குடியிருக்க அட்டை குடுத்தா அதுவும் கிரீன். இப்போ கொஞ்ச காலமா அந்த வார்த்தைக்குப் புதுசா ஒரு மவுசு வந்திருக்கு. எது மேல பூசினாலும் வெலை கூடிப் போவுது. பாம் பீச் ரோட்டுல ஒரு நடை போயிப் பாரு. இருபது முப்பது மாடி நிக்கி, விளம்பரத்துல பாதி கிரீனு, மீதி கார்டனு, வேலிக்கு அந்தப் பக்கம் நெசமான பச்சையா அலையாத்தி மரம் சேத்துல கால் வச்சு நிக்கி. அதுக்கு விளம்பரம் பண்ண ஆளில்ல. கோர்ட்டு வந்துதான் காப்பாத்துச்சு. 2005-லயே பம்பாய் ஹைகோர்ட்டு அலையாத்திக் காட்டை அழிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2018-ல அத அழிக்கிறது மனுசன் உசுரோட இருக்குற உரிமையையே பறிக்குறதுன்னு தீர்ப்பாவே எழுதிருச்சு. பக்கத்துல தாணா கழிமுகத்துல பூநாரை வந்து எறங்குற எடத்த 2015-ல சரணாலயமா அறிவிச்சான், 2022-ல ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்லயும் சேத்துட்டான். நவி மும்பைக்கே பூநாரை ஊருன்னு பேரு வச்சு ரவுண்டானாவுல சிலை வைக்கோம். சிமெண்டுப் பூநாரைக்குச் சேறு வேண்டாம். பறக்குற பூநாரைக்கு வேணும்ல?

இந்தப் பூச்சு வேலை டெல்லி வரைக்கும் தெரிஞ்சு போச்சு. 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டு நெறி போட்டிருக்கு. இயற்கைக்கு உகந்தது, பசுமையானதுன்னு சும்மா எழுதி விக்கக் கூடாது, எழுதினா ஆதாரம் காட்டணும். நம்ம சிவகாசியும் இதுல ஒரு அடி வாங்கிட்டுத்தான் நிமுந்துச்சு. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு பசுமைப் பட்டாசுதான் வெடிக்கணும்னு சொன்னப்போ ஊரே முழிச்சுது. நாக்பூர்ல இருக்குற நீரிங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிக தூசிப் பொகைய முப்பது சதவீதம் போலக் கொறைக்குற மருந்துக் கலவைய உண்டாக்கிக் குடுத்தாங்க. அது பச்சையா வெடிக்கல, பொகையும் இல்லாமப் போகல. கொஞ்சம் கொறஞ்சுது, அவ்வளவுதான். ஆனா கொறஞ்சத அளந்து காட்டுனான் பாரு, அதனால அந்தப் பேரு நின்னுச்சு.

சரி, டிராகனுக்கு வாறேன். நீ எந்த டிராகன வரையப் போற? அதுல ரெண்டு சாதி உண்டும், ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஐரோப்பாக்காரன் டிராகனுக்கு றெக்கை உண்டும், வாயில நெருப்பு கக்கும், தங்கத்து மேல படுத்துக்கிட்டு ஒருத்தருக்கும் குடுக்காது. வட்டிக்காரன்னு வச்சுக்கோயேன். அதக் குதிரையில இருந்து ஈட்டியால குத்துறவருதான் புனித ஜார்ஜ். நீ தினமும் ஏறுற ஹார்பர் லைன் வண்டி கடைசியில போயி நிக்குற சி.எஸ்.எம்.டி. பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரு பேருதான். மதராசுல கோட்டைக்கும் அவரு பேருதான். ஆக, இந்தியாவுல அந்த டிராகனுக்கு வீடு இல்ல, அதக் கொன்னவருக்குத்தான் ஆஸ்பத்திரியும் கோட்டையும்.

சீனாக்காரன் டிராகன் அப்படி இல்ல. றெக்கை கிடையாது, ஆனா மேகத்துல நீந்தும். மழை அது கையில. ராசாவோட சின்னம், அதிர்ஷ்டக்காரன். அது நெருப்புக்காரன், இது தண்ணிக்காரன். நீ தீயில வறுக்குற கடைக்குத் தண்ணிக்காரனக் கூப்பிடுத. ஆடி மாசம் பெய்யுற பெய்யில சான்பாடா சப்வேயில முழங்கால் அளவு நிக்கையில, அந்தப் போர்டப் பாத்துத்தான் ஜனங்க வையப் போறாங்க.

நமக்கும் ஒண்ணு இருக்கே, யாளி! சிங்க ஒடம்பு, சிலதுக்கு யானைத் தும்பிக்கை, தூணத் தாங்கிக்கிட்டு ஆயிர வருசமாச் சம்பளம் கேக்காம நிக்கி. சில கோயில்ல அது வாய்க்குள்ள ஒரு கல் உருண்டை கெடக்கும், பாத்திருக்கியா? விரல விட்டு உருட்டலாம், வெளிய எடுக்க முடியாது. கடைக்கு வைக்குற பேரும் அப்படித்தான். ஒருக்கா வாயில போட்டுக்கிட்டா ஆயுசுக்கும் உருட்டிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்.

பேருல டிராகன், உள்ளுக்குள்ள வேறன்னு ஒலகத்துல ஏகப்பட்டது கெடக்கு. தட்டானுக்கு இங்கிலீஸ்ல டிராகன் ஈ. அது நெருப்புக் கக்குறதில்ல, கொசுவப் புடிச்சுத் திங்குது. மாஜோங்னு சீனாக்காரன் ஓடு வச்சு ஆடுற ஆட்டத்துல ‘பச்சை டிராகன்’னே ஒரு காய் உண்டும். உன் கடைப் பேரேதான்! அதுல டிராகன் படம் கெடையாது, பச்சை மையில செழிப்புன்னு அர்த்தம் வாற ஒரு சீன எழுத்துதான் இருக்கு. டிராகன்ங்கிற பேரு வெள்ளைக்காரன் ஒட்டுனது. 2025-ல ‘டிராகன்’னு தமிழ்ப் படம் வந்து ஓடுச்சே, அதுல யாரு டிராகன்? டி. ராகவன்! நாப்பத்தெட்டு அரியர் வச்ச பய. பொய் சர்ட்டிபிகேட் காட்டி வேலைக்குச் சேந்து, கடைசியில உக்காந்து படிச்சு எழுதித்தான் தீர வேண்டியதாச்சு. சினிமாவே ஆனாலும் நியாயம் நியாயந்தான்.

ரெண்டு வார்த்தையும் நெசமாவே ஒண்ணுசேந்த எடம் ஒண்ணு உண்டும், அது உன் கடைக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கு. துர்பே மார்க்கெட்டுல பழச்சந்தைக்குள்ள போ. ரோசாக் கலர்ல, பச்சைச் செதில் வச்சு ஒரு பழம் அடுக்கியிருக்கான் பாரு, டிராகன் ஃபுரூட். அதுக்கு வியட்நாம்ல பேரு ‘தான் லாங்’. அந்தப் பேருக்கு அர்த்தம் பச்சை டிராகன்தான்! ஆனா அது வியட்நாம்ல மொளச்சதும் இல்ல. மெக்சிகோப் பக்கத்துக் கள்ளி. கள்ளிக்கு ஏது தண்ணிக்காரன்? ராத்திரியில பூத்து விடியறதுக்குள்ள வாடிப் போற பூ அதுக்கு. இப்போ கச்சு, சாங்லி, சோலாப்பூர்னு மழை ஒழுங்காப் பாக்காத சீமையில கல்லுத்தூண நட்டு, அதுமேல ஏத்தி விட்டு வளக்கான். 2021 ஜனவரியில குஜராத் முதலமைச்சர் விஜய் ரூபானி, டிராகன்னா சீனா நெனப்பு வருது, பழம் தாமரை மாதிரி இருக்கு, இனி இது ‘கமலம்’னு அறிவிச்சாரு. பேரு மாறுனதும் இனிப்பு கூடுச்சான்னு கேட்டேன். பழக்காரன் அறுத்து ஒரு துண்டு குடுத்தான். முன்ன மாதிரியே சப்புன்னுதான் இருந்துச்சு. செவப்புச் சதை கொஞ்சம் தேவலாம்.

இனி உன் அடுப்புக்கு வாறேன். சைனீஸ்ங்கியே, அது எந்தச் சைனா? சிக்கன் மஞ்சூரியன உண்டாக்குனது கல்கத்தாவுல பொறந்த நெல்சன் வாங். எங்க? இந்தா இந்த பம்பாய்ல, கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுல, 1975-ல. வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்ச மொளகா போட்டு, கரம் மசாலாவுக்குப் பதிலா சோயா சாஸ் ஊத்துனாரு. மஞ்சூரியாக்காரனுக்கே அந்தச் சங்கதி தெரியாது. அதுல தப்பே இல்ல. பம்பாய் சரக்கு, பம்பாய் நாக்கு. டிராகன் சிக்கனும் அதே வம்சந்தான். உன் சாதனையும் எங்க இருக்கும்னா வாணலிக்குள்ளதான், போர்டுல இல்ல.

அந்த டிராகன் சிக்கன் செக்கச்செவேர்னு ஜொலிக்கில்லா, அது எதனாலன்னு நெனச்சுப் பாத்தியா? காஷ்மீரி மொளகாயினால வந்தா தேவலாம். டப்பாவுல இருந்து வந்தா? 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாயத் தடை பண்ணுனான், ரோடமின்-பிங்கிற சாயம் அதுல கெடந்துச்சு. மார்ச்சுல கர்நாடகாக்காரன் பஞ்சு மிட்டாயோட கோபி மஞ்சூரியனையும் சேத்துக்கிட்டு, செயற்கைக் கலரு போடக்கூடாதுன்னுட்டான். செவப்புக்குத்தான் இந்தக் கதைன்னு இருந்துராத. பச்சைக்கு அதவிட மோசமான சித்தப்பன் ஒருத்தன் இருக்கான், மாலகைட் கிரீன். துணிக்குப் போடுற சாயம். மாலகைட்டுன்னு ஒரு பச்சைக் கல்லு உண்டும், அந்தக் கல்லுல ஒரு துளி கூட இந்தச் சாயத்துல கெடையாது, நெறத்துக்காக வச்ச பேரு. அதுவும் உன் கடை மாதிரியே பேரு கடன் வாங்குன ஆளுதான்.

காய்கறி பளபளன்னு இருக்கட்டும்னு இந்த எழவ அதுல பூசிவிடுத பயலுக உண்டும். அதனால மார்க்கெட்டுல மூட்டையா வாங்குறதுக்கு முந்தி, பச்சப் பட்டாணிய ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில அரை மணி நேரம் போட்டு வையி. தண்ணி பச்சையாச்சுன்னா வந்த வழியே குடுத்துரு. மொளகாயையும் வெண்டைக்காயையும் திரவ பாரபின்ல நனச்ச பஞ்ச வச்சுத் தேய்ச்சுப் பாரு, பஞ்சுல பச்சை ஏறுனா அது மொளகாயில்ல, முழு வேஷம். இது உங்க மாமன் கண்டுபுடிச்சது இல்ல, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிக் குடுக்குற சோதனைதான். அந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குடுக்குற பதினாலு நம்பர் உரிமத்த வாங்கி, கண்ணுக்குத் தெரியுற எடத்துல மாட்டு, பில்லுலயும் அச்சடி. டிராகன் படத்தவிட அதப் பெருசாப் போட்டாக்கூட எனக்குச் சம்மதம்.

ஆகமொத்தம் மருமவனே, நீ எடுத்த ரெண்டு வார்த்தைக்கும் சொந்தமா ஒரு குணம் கெடையாது. புள்ளையோட சேந்தா பச்சை தெய்வம், பொய்யோட சேந்தா சனியன். மழையோட சேந்தா டிராகன் ராசா, தங்கத்தோட சேந்தா கொள்ளைக்காரன். உன் கடையில அதுங்க ரெண்டும் உன் எண்ணெயோடயும் பட்டாணியோடயும்தான் சேரப் போவுது. பழைய எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய்ச்சுனா, திருவள்ளுவர் பேர வச்சாலும் வயித்தால போறது போறதுதான். சுத்தமாச் சமைச்சா, கிரீன் டிராகன்னு இல்ல, செத்த பாம்புன்னு பேரு வச்சாலும் வாஷியில இருந்து நெரூல் வரைக்கும் வரிசையில நிப்பான்.

பேர மாத்த வேண்டாம். அப்படியே எழுது. தமிழ்லயும் ஒரு வரி எழுதச் சொல்லு, பெயிண்டு கூலி நான் தாறேன். கடை தொறக்குற அன்னைக்கு மொதப் பிளேட்டு எனக்கு. காசு குடுத்துத்தான் திம்பேன். கலரு டப்பா கண்ணுல பட்டுச்சுன்னா மட்டும், பச்சை பச்சையாத்தான் கேப்பேன்.