காற்றுக்கு வழி

மேலே ரிவர்ஸ்டன் மலையில் ஆளையே தள்ளும் காற்று. வீட்டிலோ என் கேமிங் கம்பியூட்டர் கொதிக்கிறது. இன்னும் இரண்டு ஃபேன் பூட்டட்டுமா?
– வாசகர், இரத்தோட்டை

ரிவர்ஸ்டனில் எத்தனை ஃபேன் பூட்டியிருக்கிறார்கள்? மலை வழி விடுகிறது, காற்று வருகிறது. நீங்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுக் காற்றைக் குறை சொல்கிறீர்கள்!

முன் ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும். பின்னதும் மேலதும் வெளியே தள்ள வேண்டும். எல்லாம் உள்ளே ஊதினால் சூடு எந்த வழியால் போகும்? இன்டெல் ப்ராசஸர்கள் பல 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்குவது அதனால்தான். எதிரியின் திறமை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்குப் போகுமுன் முன்பக்க வலையில் படிந்த தூசைத் தட்டுங்கள். அப்படியும் கொதித்தால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். ஃபேன் பிறகு.