செருப்பைக் கழற்றுதலும் மூன்றாவது ஓட்டையும்: ஒரு முன்னாய்வு

நம் வீடுகளில் மின்சாரத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் ரப்பர் செருப்பின் வரலாறு. "வெறுங்காலோட ஃப்ரிட்ஜைத் தொடாதே" என்பது என் அத்தை, அதாவது மாமியார், வகுத்த சூத்திரம். உரை தேவைப்படாத சூத்திரம். மீறியவரை ஃப்ரிட்ஜ் கைப்பிடியே திருத்தும்.

இதற்கு நேர்மாறான சித்தாந்தம் அமெரிக்காவிலிருந்து வந்தது. க்ளின்ட் ஓபர் என்பவர் கேபிள் டிவி தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். கேபிளை எர்த் செய்தால் படம் தெளிகிறதே, மனிதனை எர்த் செய்தால் என்ன என்று யோசித்தார். 1998இல் தன் படுக்கையில் உலோக டேப்பை ஒட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து, வெளியே மண்ணில் அடித்த கம்பியோடு இணைத்துப் படுத்தார். நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார். நம் ஊர்க் கேபிள்காரர் மாதச் சந்தா கேட்பதோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்கிறார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பூமியில் ஏராளமாக உள்ள எலெக்ட்ரான்கள் உள்ளங்கால் வழியே ஏறி வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் என்பது ஓபரின் கட்சி. ஆதரவாக ஆய்வுகள் உண்டு. பலவற்றில் பங்கேற்றவர்களை ஒரே மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் நோயாளிகளைப் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடக்கவிட்டார். இயற்கை மருத்துவம் பற்றி அடால்ஃப் ஜுஸ்ட் எழுதிய நூலைப் படித்து காந்தி வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொண்டார். எதிர்க்கட்சியும் அமெரிக்காவிலேயே இருந்தது. வெறுங்கால் வழியே கொக்கிப்புழு ஏறுகிறது என்று 1909இல் ராக்ஃபெல்லர் புழு ஒழிப்பு இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அந்த இயக்கம் தென் மாநில மக்களிடம் கக்கூஸ் கட்டு, செருப்பு போடு என்று ஊர் ஊராகச் சொன்னது. எலெக்ட்ரானும் புழுவும் ஒரே வாசலில் நுழைவதைத் தத்துவவாதிகள்தான் விளக்க வேண்டும்.

களஆய்வுக்கு வருவோம். மாதிரி எண்ணிக்கை ஒன்று: என் மாமனார். முதலில் பூங்காவுக்குப் போனார். நடைபாதை முழுக்க சிமெண்ட் கல். புல் இருந்த இடத்தில் "புல்தரையில் நடக்காதீர்" என்ற பலகை. வாட்ச்மேன் விசில் ஊதியதில் எலெக்ட்ரான் ஏறியதோ இல்லையோ, ரத்த அழுத்தம் ஏறியது. பிறகு மச்சான் ஆன்லைனில் ஒரு எர்திங் பாய் வாங்கிக் கொடுத்தான். அதன் ஒயர் பிளக்பாயிண்டின் மேல் ஓட்டையில், அந்தப் பெரிய மூன்றாவது ஓட்டையில், மட்டும் செருக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஓட்டைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. இரண்டு பின் சார்ஜர் நுழைய உள்ளே மூடி திறக்க வேண்டுமே, அதற்காக அதில் ஒரு தீக்குச்சி நிரந்தரமாகக் குடியிருந்தது. குச்சியைப் பிடுங்கிப் பாயைச் செருகினார்.

மூன்று மாதம் அற்புதமான உறக்கம். முழங்கால் வலி பாதி. காலையில் காபி குடித்தபடி எங்களுக்கெல்லாம் விரிவுரை.

நான்காம் மாதம் ஃப்ரிட்ஜ் அத்தையைச் சற்று பலமாகவே அடித்தது. எலெக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மற்றதை மூன்றாவது ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல எர்த்தே இழுக்கல சார். ஓட்டை மட்டும்தான் இருக்கு."

மாமனார் பாயைப் பார்த்தார். நாங்கள் மாமனாரைப் பார்த்தோம். முழங்காலைத் தடவிக்கொண்டு, "அப்ப வலி எப்படிப் போச்சு?" என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் அதைத் தன் துறை சாராத கேள்வியாகக் கருதினார்.

கொல்லையில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி முடிக்க ஒரு பகல் ஆனது. கோடையில் குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போனார். அந்தப் பொறுப்பை மாமனார் ஏற்றார். வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று ஊற்றுகிறார். பாய் சுருட்டிப் பரணில் இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் இப்போது அடிப்பதில்லை. அத்தை செருப்பைக் கழற்றவில்லை.