பார்க்கிங் மாடியில பந்தி

வா தம்பி, உக்காரு. கட்டன் சாயா சொல்லட்டா? உன் மூணாறு ரிசார்ட்டுக்கு மேல இன்னும் ரெண்டு மாடி வேணும். கீழ் மாடி பார்க்கிங்குல டைனிங் ஹால் போட்டதைப் பஞ்சாயத்து கண்டுக்கக் கூடாது. அக்கம்பக்கத்து சனம் குடுத்த எதிர்ப்பு மனுவ நான் பேசி வாபஸ் வாங்க வைக்கணும். அம்புட்டுத்தானே? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த?

நீ செஞ்சதுல ஒரு தப்பும் இல்லப்பா. 2019ல வந்த பஞ்சாயத்து கட்டட விதியில பார்க்கிங்குக்கு இடம் காட்டணும்னு இருக்கு. காட்டுன்னுதானே சொன்னான், நீயும் காட்டிட்ட. பிளான்ல பார்த்தேன், மஞ்சக் கோடு போட்டு, ஒவ்வொரு காருக்கும் ஒரு கட்டம் வரைஞ்சு, பார்க்கவே அம்சமா இருந்துச்சு. கட்டட நம்பர் கைக்கு வந்ததும் சுத்திக் கண்ணாடி மாட்டி, கட்டம் கட்டத்துக்கும் ஒரு மேசை போட்டுட்ட. காரு? அதுக்குத்தான் கவர்மெண்டு கொச்சியில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரோடு போட்டு வச்சிருக்கே.

போன மே மாச ஞாயித்துக்கிழமை அந்த அழகைப் பார்த்தியா? உன் வாசல்ல இருந்து வளைவு வரைக்கும் ஒரு பக்கம் பூரா காரு. எதிர எதிர ரெண்டு டெம்போ டிராவலர் மாட்டிக்கிச்சு. கெஸ்ட்டுக இறங்கித் தேயிலைக்குள்ள நின்னு போட்டோ எடுத்தாக. பஸ் கண்டக்டர் இறங்கி, ஒவ்வொரு காரா கண்ணாடிய மடக்கி விட்டு, பஸ்ஸோட பொறத்தைத் தட்டித் தட்டி இஞ்சு இஞ்சா நகத்துனாரு. பஸ்ஸுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தா. அவளுக்கு உன் டைனிங் ஹால் நல்லாத் தெரிஞ்சிருக்கும், கண்ணாடி போட்டதாச்சே.

சட்டத்துக்குப் பயப்படாத. பாலக்காட்டுக்காரன் வயலை நெரப்பப் போனா 2008 நெல்வயல் சட்டம் குறுக்க நிக்கும். உனக்கு 1964 நில ஒதுக்கீட்டு விதி. நிலத்துக்குப் பட்டயம் குடுத்தது சாகுபடி செய்யவும் குடியிருக்கவும். நீயும் நாப்பது ரூம்ல ஆளுகளைக் குடியிருக்கத்தானே வைக்கிற? சாகுபடிக்கு வாசல்ல நாலு ரோசாத் தொட்டி இருக்கு. கேட்டா அதைக் காட்டு.

உனக்கு முன்னால போனவுக வழியெல்லாம் இருக்கு. 2007ல முதலமைச்சரா இருந்த அச்சுதானந்தன் ஆக்கிரமிப்பை அகத்த மூணு அதிகாரிகளை அனுப்பினாரு, ஜேசிபி வந்துச்சு, கொஞ்சம் இடிச்சுச்சு, கட்சிக்குள்ளயே சண்டை வந்து திரும்பிப் போயிருச்சு. 2010ல ஹைகோர்ட்டு, மூணாறு சுத்துவட்டாரத்துல கட்டடம் கட்ட வருவாய்த் துறை என்.ஓ.சி வேணும்னுச்சு. அதுக்கப்புறம்தான் இங்க மாடி மேல மாடி ஏறுச்சு, மலைக்கே சந்தேகம் வந்திருக்கும். 2023 ஆகஸ்டுல சாந்தன்பாறையில மார்க்சிஸ்ட் கட்சி ஆபீஸ் வேலைய நிறுத்துன்னு அதே கோர்ட்டு உத்தரவு போட்டும் ராத்திரியில வேலை நடந்து, கோர்ட்டு கண்டிச்சுச்சு. நீ என்னடான்னா பகல்ல வேலை செய்யிற, வெள்ளந்தி.

சட்டத்தையே மாத்தலாம்னா அதுவும் நடந்திருக்கு. விதி மீறின கட்டடத்தை வரன்முறைப்படுத்த வழி செய்யிற நில ஒதுக்கீட்டுத் திருத்த மசோதா 2023 செப்டம்பர்ல சட்டசபையில நிறைவேறுச்சு. கவர்னர் கையெழுத்துப் போடலேன்னு 2024 ஜனவரி 9ஆம் தேதி இடுக்கி பூரா இடது முன்னணி ஹர்த்தால். ஏப்ரல்ல கையெழுத்து விழுந்துருச்சு. தலைமுறை தலைமுறையா லயத்துல ஒரு ரூமுல ஏழு பேரு படுக்கிற தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேணும்னு இம்புட்டு வேகமா எதுவும் நகந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. வயசாச்சுல்ல, மறந்திருப்பேன்.

மனு குடுத்தவுகளைச் சமாளிக்கிறதும் லேசு. அந்தோணியார் கோயிலுக்குக் கொடிமரம், மாரியம்மனுக்கு மைக்செட்டு, பள்ளிவாசலுக்கு ஒரு வாட்டர் டேங்கு. யாரையும் விட்டுராத. அப்படியும் மசியாத டீச்சரம்மாவை 'வளர்ச்சிக்கு எதிரி'ன்னு சொல்லிட்டாப் போதும். சரிவு சரியும், தண்ணி வத்தும்னு பேசினா, பொறாமைன்னு சொல்லு. 2018 மழையில பள்ளிவாசல்ங்கிற ஊர்ப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரிசார்ட்டுக்குள்ள கெஸ்ட்டுக மாட்டினதைச் சொன்னா, அது வேற ரிசார்ட்டுன்னு சொல்லு.

ஒன்னே ஒன்னுதான் உன்னால சமாளிக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில நாலு லய வரிசை மண்ணுக்குள்ள போச்சு, எழுபது பேரு. அங்க போற வழியில பெரியவாரைப் பாலம் போயிருந்துச்சு, வண்டிக நேரா போய்ச் சேர முடியல. அன்னைக்கு ஆத்து வெள்ளம் வழியை அடைச்சுச்சு. இங்க வெயிலடிக்கிற நாள்லயும் வழி அடைஞ்சுதான் கெடக்கு. அதைப் பார்த்தவுக சும்மா இருக்க மாட்டாக. குறிஞ்சி 2018ல பூத்தது, இனி 2030. அதைப் பார்க்கக் கூட்டம் வர்றப்போ இந்த வளைவுல ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாப் போகும்? உன் பிளான்ல அதுக்கு ஒரு கட்டத்தைக் காணோம்.

பிளான் எனக்கு எப்படிக் கிடைச்சுச்சுன்னா கேக்குற? தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டிக் கேட்டேன், காப்பி குடுத்துட்டாக. மனுவுல மொதக் கையெழுத்தும் என்னுதுதான், நீ சரியாப் பார்க்கல போல. வாபஸ் வாங்குறதுல எனக்கு ஒன்னும் ஆட்சேபம் இல்ல தம்பி. நாளைக்கே கண்ணாடியக் கழட்டு, மேசையத் தூக்கு, உன் சொந்தக் காரைக் கொண்டாந்து அந்த மொதக் கட்டத்துல நிப்பாட்டு. பஞ்சாயத்து ஆபீசுக்கு உன்கூட நானே வர்றேன். ரெண்டு மாடிக் கதையை மட்டும் அங்க எடுக்காத.