தண்ணீர்த் தீட்டு

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் செய்யப்பட்டும், நாவுக்கு இன்னும் போர்ட் பிளேராகவே இருந்துவருகிற ஊரிலே, டெய்ரி ஃபார்ம் என்ற பெயரைக் கேட்டதும் பசுவும் பாலும் நினைவுக்கு வருமேயொழிய, நாற்புறமும் சமுத்திரம் சூழ்ந்த தீவில் தண்ணீரைக் கண்டால் பத்தடி விலகி நிற்கும் ஒரு ரக மனிதர் அங்கே வாசம் செய்கிறார் என்பது தோன்றாது. நாய்க்கடி ஒன்றுமில்லை, கண்ணில் லென்ஸ் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பெண் வீட்டாருக்கு அனுப்பவேண்டிய புகைப்படத்துக்காகக் கழற்றிய சோடாபுட்டிக் கண்ணாடியை அவர் திரும்ப மாட்டிக்கொள்ளவேயில்லை. விவாகமாகி, பிள்ளை பள்ளிக்கூடமும் போகிறான்.

காலையில் சோப்புப் போட்டுக் கை கழுவி, நூல் பிரியாத துணியில் ஈரம் போகத் துடைத்து, டப்பியைத் திறந்து, அந்தப் பனித்துளியை ஆள்காட்டி விரல் நுனியில் ஏந்தி, விளிம்பு கிண்ணம்போல் நிமிர்ந்திருக்கிறதா, தட்டுப்போல் வெளியே சாய்ந்து உட்புறம் வெளிப்புறமாகிவிட்டதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பரிசோதிக்கும்போது, மின்விசிறி சுழலக் கூடாது; பிள்ளை ஓடக் கூடாது. தனிக்காரி அணையின் தயவால் முறை வைத்து வரும் குழாய்த் தண்ணீரோ சரியாக அந்த முகூர்த்தத்தில்தான் வரும்.

“ஏங்க, தண்ணி வந்திருச்சு! குடத்தைப் பிடிங்க!”

“விரல்ல லென்ஸ் இருக்குடி!”

ஒருநாள் மாமியார் பரிவோடு அந்த டப்பியைக் குடிதண்ணீரில் அலசி வைத்துவிட்டார். “அத்தை, தண்ணி பட்டா எல்லாம் போச்சு!” என்று இவர் அலறினார். அகந்தமீபா என்னும் கண்காணாப் பிராணி தண்ணீர் வழியே வந்து லென்ஸுக்கடியில் குடியேறினால் கருவிழியையே அரித்துவிடும் என்ற அவருடைய பிரசங்கம் சாஸ்திரோக்தமானதுதான். ஆனால், தீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவியே பழகிய அந்த அம்மாளுக்கு, தண்ணீரே தீட்டென்பது கலி முற்றியதாகவே பட்டது.

விருந்தாளி அகப்பட்டால் ஸ்தலபுராணம் ஆரம்பமாகும். செக் நாட்டு ரசாயன வித்வான் ஓட்டோ விக்டெர்லே, 1961-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயம், குழந்தைகளின் விளையாட்டு இணைப்புச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு, வீட்டுச் சமையலறை மேஜைமீதே மிருதுவான லென்ஸை வார்த்தெடுத்த கதையை அவர் கண்ணீர் மல்கச் சொல்லி முடிப்பதற்குள் தோசை ஆறிவிடும். அந்த வேளையில் சொந்தப் புத்திரன் டப்பியைத் தொட்டால் கிடைப்பது குட்டு.

இத்தனை ஆசாரமும் மத்தியானச் சாப்பாட்டோடு சரி. ரத்தக்குழாயே இல்லாத கருவிழி வெளிக்காற்றின் பிராணவாயுவைப் பெரிதும் நம்பி ஜீவிப்பது. அதன்மேல் லென்ஸும் இமையுமாகப் போர்த்தித் தூங்குவது மகாபாதகம் என்று ஊருக்கெல்லாம் உபதேசிப்பவர், மீன்குழம்பு இறங்கியதும் லென்ஸோடேயே சாய்வு நாற்காலியில் குறட்டை விடுவார். கேட்டால், “சும்மா கண்ணை மூடிட்டு யோசிச்சேன்.”

மெயின்லேண்டிலிருந்து வந்த உறவினர் கார்பின்ஸ் கோவ் கடலில் கும்மாளமிட்ட அன்று, தென்னை நிழலில் பதினோரு ஜோடிச் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

“கழட்டி வச்சிட்டு இறங்குங்க, மாமா!”

“கழட்டிட்டா கடல் எந்தப் பக்கம்னு தெரியாதே, தம்பி.”

பழைய கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. பக்கத்தில் யாரோ பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.