பொன்னாடைப் பயிற்சி

போட்டிக் காலம் முடிந்தால் தடகள வீரர் சில வாரம் ஓய்ந்திருப்பார். பிறகு மெதுவோட்டம், பளு என்று படிப்படியாக ஏறி, கடைசியில்தான் ஈட்டியைக் கையில் எடுப்பார். இது உலக வழக்கம். நம் பாடத்திட்டம் வேறு.

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார் நீரஜ் சோப்ரா. ஊர் திரும்பியதும் நம் பயிற்சி தொடங்கிவிட்டது. மேடைக்கு மேடை மாலை (குனிந்து நிமிர்வது இடுப்புக்கு நல்லதுதானே!), தோளுக்குப் பளுவாகப் பொன்னாடை, நீட்டிய கையிலெல்லாம் ஒரு லட்டு. பத்தே நாளில், பானிப்பட்டு வரவேற்பில், காய்ச்சலோடு பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் மிச்சப் போட்டிகளும் போயின. எடை மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியது. அந்தச் சாதனையை எந்தச் சம்மேளனமும் பதிவு செய்யவில்லை.

டிசம்பரில் மனிதர் கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவுக்குப் பயிற்சிக்காகப் போய்ச் சேர்ந்தார். அங்கே தலைமை தாங்கவோ முன்னிலை வகிக்கவோ ஆளில்லை. 2022 ஜூனில், பின்லாந்தின் துர்குவில், 89.30 மீட்டர் எறிந்தார்.