கும்பிடலாம், கேட்டும் தெரிந்துகொள்ளலாம்

கே: மிளகுக்கொடி வாடல் நோயில் போய்விட்டது. "கடவுளை நம்பு" என்கிறார்கள். நம்பினால் தழைக்குமா? (திருப்புலி நாடு)

ப: தழைக்காது. வேரடியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டி, தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து வைத்தால் மிச்சக் கொடியாவது பிழைக்கும். கொல்லிமலை அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டவர் தோட்டக்கலை ஆபீஸ் படியேறக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

கே: சாமியை நம்பிப் பரீட்சை எழுதலாமா? (செம்மேடு)

ப: தாராளமாக. திருத்துபவர் வேறு ஆள்.

கே: நம்பியும் கற்றும் வாழ்ந்தவர் நம் மலையில் உண்டா? (சேந்தமங்கலம்)

ப: ஜெஸ்ஸி பிராண்ட். 1913-இல் கல்யாணம் முடிந்த கையோடு மனைவி எவ்லினுடன் மலையேறிய பாதிரியார். மதம் பரப்ப வந்தவரிடம் ஜனங்கள் காட்டியது காலில் நரம்புச்சிலந்தியை. அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்து உள்ளேயே சீழ் வைக்கும். பிரசங்கத்தை விட அந்தக் குச்சிதான் அவருக்குப் பொறுமை கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஆண்டுக்கணக்கில் யாரும் அவர் வேதத்தில் சேரவில்லை. முதல் உலகப்போர் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் வந்தது. அதுவரை அவர்களை எதிர்த்த பூசாரி, சாகும் தறுவாயில் தன் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

கே: அப்பேர்ப்பட்டவரைக் கடவுள் காப்பாற்றியிருப்பாரே? (ராசிபுரம்)

ப: இல்லை. 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலில் போனார், வயது 44. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா முன்பே எழுதிய கடிதம் கப்பலேறிப் பிறகு வந்தது. இதற்கு ஒரு வசனத்தைச் சொல்லித் தேற்ற வருகிறவரைக் கண்டால் எனக்கு ஆகாது. எவ்லின் என்ன செய்தார் என்று கேளுங்கள், சொல்கிறேன். 68 வயதில் மலைக்கு அனுப்ப மிஷன் மறுத்தது. பிறகு ஓய்வு வாங்கிக்கொண்டு தானே ஏறிவிட்டார். ஓய்வு பெற்றவரை யார் தடுப்பது? விழுந்து அடிபட்ட பின்னும் மூங்கில் கம்பு ஊன்றி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974-இல் 95 வயதில் காலமானார்.

கே: கஷ்டம் நல்ல வாத்தியார்தானே? (வேலூர்)

ப: மாணவன் தூங்காமல் இருந்தால். உங்கள் ஊர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் அந்தப் பையன்தான். டாக்டராகும் முன் தச்சும் கொத்துவேலையும் பழகியவர். தொழுநோயாளியின் விரலை நோய் தின்பதில்லை, உணர்ச்சி போனதால் சூடும் காயமும் தெரியாமல் அவரே இழக்கிறார் என்று நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே புரிந்துகொண்டார். வலி வேண்டும் என்று புத்தகமே எழுதினார். ஆனால் பட்டவரெல்லாம் பக்குவப்படுவதில்லை, கசந்துபோனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கே: நாலு நாளாய்க் காய்ச்சல். எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். போதுமா? (வாழவந்தி நாடு)

ப: ரத்தம் எடுக்கிற கை செம்மேடு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதையும் அம்மன் கையாகவே வைத்துக்கொண்டு இன்றைக்கே போங்கள்.