ஆறாவது ரதம்

பெறுநர்: மேன்மை தங்கிய உதிரிபாகப் பிரிவு, புகழ்பெற்ற டிராக்டர் நிறுவனம்.
பொருள்: ஆயில் சீல் ஒன்று கேட்ட குற்றம் தொடர்பாக.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய டிராக்டர் நின்றுபோவதற்குக் காரணங்கள் மூன்று: உப்பு, சேறு, உதிரிபாகப் பிரிவு.

உப்பு கடற்காற்றில் வருகிறது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை அது மட்கார்டைத் தின்று, சேசிஸ் எண் பொறித்த தகட்டையும் தின்கிறது. சேறு சொர்ணவாரிப் பட்டத்தில் வருகிறது. கேஜ் வீல் பூட்டிச் சேறடிக்கையில் பின் ஆக்ஸிலின் ஆயில் சீல் தேய்கிறது; கசியும் ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்குகிறது; பிரேக் பிடிப்பதில்லை. சீல் என்பது உள்ளங்கையில் அடங்கும் வளையம். முதலிரண்டு காரணங்களின் வேலை அத்துடன் முடிகிறது.

மூன்றாவது காரணத்துக்குக் குளிர்சாதன வசதி உண்டு. சென்ற வாரம் திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய சீலைத் துணியில் சுற்றிக்கொண்டு அதன் முன் நின்றார். சேசிஸ் எண் கேட்கப்பட்டது, உப்பு தின்றுவிட்டது. மாடல் கேட்கப்பட்டது; கம்ப்யூட்டரில் இல்லை. சீல் தனியாக வராது, ஆக்ஸில் அசெம்பிளியாகத்தான் வரும் என்று சொல்லப்பட்டது, அசெம்பிளியும் இல்லை. கடைசியில் புது வண்டியின் மாதத் தவணை நோட்டீஸ் ஒன்றும், "இதை மியூசியத்துக்குக் குடுத்துடுங்க பெரியவரே" என்ற ஆலோசனையும் இலவசமாகக் கிடைத்தன. கவுன்டரே சிரித்தது.

ஆலோசனை ஆழமானது. மாமல்லபுரத்தில் ரதங்கள் ஐந்து. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர்கள் ஒவ்வொன்றையும் ஒரே பாறையில் குடைந்ததால் உதிரிபாகத் தொல்லையே எழவில்லை. பெரியவரின் டிராக்டர் ஆறாவது ரதம். ஐந்தும் ஓடுவதில்லை, ஆறாவதும் ஓடாது. ஐந்துக்கும் சீல் கிடையாது, ஆறாவதற்கும் கிடையாது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இது மட்டும் விடுபட்டதற்கு அன்று அது ஓடிக்கொண்டிருந்ததே காரணம். அக்குறையை உதிரிபாகப் பிரிவு நிவர்த்தி செய்திருக்கிறது.

நாற்றங்காலுக்கு இந்த நகைச்சுவை புரிவதில்லை. நாற்று முற்றினால் முற்றியதுதான். வாடகை டிராக்டர் தன் முறை வரும்போதுதான் வரும். விற்கும்போது தலைமுறைக்கும் உழைக்கும் என்றார்கள். உழைத்தது. வாக்குத் தவறியது வண்டி இல்லை. ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு போகத்தைக் காயப்போடுவதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, அயோக்கியத்தனம்.

உதிரிபாகப் பிரிவின் பொறுமை உலகறிந்தது. மேற்கண்ட சொல்லை அது மன்னிக்கும்.

பிரிவின் தயவு இல்லாமலும் உலகம் சில வழிகளைக் கண்டுவைத்திருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். எச்.எம்.டி. 1971இல் செக்கோஸ்லோவாக்கியாவின் செட்டார் கூட்டுடன் பிஞ்சோரில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசு அதன் டிராக்டர் பிரிவை மூட முடிவெடுத்தது. அந்த வண்டிக்கும் வெளியார் செய்த பாகங்கள் விற்கின்றன. செய்த கம்பெனி போன வண்டிக்குப் பாகம் உண்டு; கம்பெனி கொழிக்கும் வண்டிக்கு இல்லை. ரதங்களைச் செய்த பல்லவர்களும் இன்று இல்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சட்டத்தின் பக்கமும் காற்று வீசியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளில் வேளாண் கருவிகளும் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 24இல் அதற்கென இணையதளமும் திறக்கப்பட்டது. செய்தி கவுன்டர்வரை வந்துசேரவில்லை. வழியில் பிரேக் பிடிக்காமல் வேறெங்கோ போயிருக்கலாம்.

கோரிக்கை சிறியது. ஆயில் சீலுக்கு அடையாளம் மூன்று அளவுகள்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அவை தெரிந்தால் பேரிங் கடையிலேயே பெரும்பாலும் பொருத்தமான சீல் கிடைத்துவிடும். தேய்ந்த சீலில் எழுத்து அழிந்துவிடுகிறது. அளந்தாலும் சரியான கணக்கு வருவதில்லை. நிறுத்தப்பட்ட மாடல்களின் பாக எண்களையும் அளவுகளையும் ஒரு பட்டியலாக நிறுவனம் வெளியிட வேண்டும். பாகத்தைச் செய்ய வேண்டாம், விற்க வேண்டாம், கவுன்டரில் சிரிக்கவும் வேண்டாம். மீதியைத் திருக்கழுக்குன்றத்து மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மாடல் பட்டியலில் இல்லாதவர்கள்